நீளப் பேரலும் மறுபூஜையும்

துப்பாக்கிக் கடையில் நிற்பவளுக்குத் துப்பாக்கியால் ஆபத்து வருவதில்லை, "ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பிக்கும் வாடிக்கையாளரால்தான் வருகிறது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் சக ஜீவன்களே, நீங்கள் மருந்து விற்றாலும் மொபைல் விற்றாலும் இந்த ஆளைப் பார்த்திருப்பீர்கள். நான் சிட்னியின் மேற்கே, மீன்பிடி சாமானும் துப்பாக்கியும் சேர்த்து விற்கும் ஒரு கடையில் இருக்கிறேன். கணக்கு எழுதத்தான் சேர்ந்தேன். முதலாளி டேவ் என்ன நினைத்தாரோ, முறைப்படி அனுமதி எடுக்க வைத்து இந்தத் திருச்சிக்காரியைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டார்.

நீட்டினால் என்ன குற்றம்?

எங்கள் கடையில் ஓயாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. என் பிஸ்டலுக்கு ரைஃபிள் அளவு நீளமான பேரல் மாட்டிக்கொள்ளலாமா? பேரல் என்றால் குண்டு சீறி வரும் குழல். கேட்பவர்கள் எல்லாருமே ஏதோ ஓர் அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அங்கே என்ன சட்டமோ, எனக்குத் தெரியாது. இங்கே பிஸ்டலுக்கு ஒரு வகை லைசென்ஸ், ரைஃபிளுக்கு வேறு வகை. அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலில் நீளப் பேரலையும் தோளில் அண்டக்கொடுக்கும் கட்டையையும் மாட்டினால், சாதாரண ஆள் வைத்திருக்கவே கூடாத வகைக்கு அது போய்விடும். பேரலைத் தனியாக வாங்குவதற்குக்கூட அனுமதி வேண்டும்.

இதை ஒரு பிளம்பரிடம் பொறுமையாகச் சொன்னேன். அறுத்துக் குட்டையாக்கி ஒளித்து வைப்பவன்தானே திருடன், நீளமாக்குகிறவன் யோக்கியன் இல்லையா என்று வாதாடினார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கேட்கவில்லை. டேவைக் கூப்பிட்டேன். நான் சொன்னதையே டேவ் பாதி வார்த்தைகளில் சொன்னார். பிளம்பர் உடனே தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதை நீ முதல்லயே சொல்லியிருக்கலாமே, டார்லிங்."

புளியோதரை வரிசை

வெள்ளைக்காரனாவது கடைக்கு வந்து கேட்கிறான். நம் ஆட்கள் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கே வந்து கேட்பார்கள். பெருமாளைச் சேவித்துவிட்டு கேன்டீன் வரிசையில் நிற்கும்போது முரளி வந்து சேர்ந்தான். நார்த்மீட்டில் இருக்கும் சாஃப்ட்வேர் பையன். பிஸ்டல் கிளப்பில் முறையாகச் சேர்ந்து, பயிற்சி முடித்து, லைசென்ஸ் வாங்கியவன். குடியுரிமைக்கும் மனு போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

நீளப் பேரல் மாட்ட ஏதாவது வழி இருக்கா அக்கா என்றான். இல்லை என்றேன். நம்ம ஆள் கடையில் இருக்கும்போது வழி இல்லாமலா என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாமா பையன் இருந்தால் நடக்கும் என்று நம்பி வளர்ந்தவர்கள் கப்பலேறும்போது அந்த நம்பிக்கையையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். லைசென்ஸ் போகும், கோர்ட்டுக்குப் போவாய், கேஸ் முடியும்வரை குடியுரிமை நகராது என்று அடுக்கினேன். அவன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்குப் பின்னால் நின்ற யாழ்ப்பாணத்து அங்கிள் ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை.

"தம்பி, துவக்குக் கதை கேக்கக்கூடாதெண்டுதான் நாங்கள் இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்."

சும்மா ஒரு பேச்சுக்கு

அதற்கப்புறம் முரளி கடைக்கே வர ஆரம்பித்தான். ஒரு பேச்சுக்கு, யாராவது மாட்டிவிட்டால் என்ன ஆகும்? ஒரு பேச்சுக்கு, மாட்டி வீட்டிலேயே வைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு தடவையும் தமிழில் ஒரு தரம், டேவ் காதில் விழட்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு தரம், கூடாது என்று சொன்னேன். இந்தத் தொழிலில் எங்களுக்கும் கழுத்தில் கத்திதான். இவள் தகுந்த ஆள் இல்லை என்று போலீஸ் நினைத்தால் என் அனுமதி போய்விடும், அன்றைக்கே கவுண்டரைவிட்டு இறங்க வேண்டியதுதான். அதையும் அவனிடம் சொன்னேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது.

"என்னக்கா, கூடப் பிறந்தவங்ககிட்ட கேக்கற மாதிரி கேட்டா போலீஸ் மாதிரி பேசறீங்க."

மறுபூஜை

ஆயுத பூஜை அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மொபைலைத் திறந்தால், தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகப் பூஜைப் படங்கள். முரளியின் மனைவி கவிதாவும் ஒன்று போட்டிருந்தாள். சரஸ்வதி படம், பிள்ளையின் புத்தகங்கள், லேப்டாப், கார் சாவி, ஏர் ஃப்ரையர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நடுவில், சாமந்திப்பூ சுற்றி, நீளப் பேரலும் கட்டையும் மாட்டிய பிஸ்டல். கீழே கைகூப்பிய படங்களாகக் குவிந்திருந்தன. ஒருவர் "தெய்வீகம்" என்று எழுதியிருந்தார்.

அந்தப் பேரலை எங்கிருந்து வாங்கினான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உடனே முரளியை போனில் கூப்பிட்டேன். இரும்புப் பெட்டிக்கு வெளியே துப்பாக்கி இருப்பதே குற்றம், வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது, முதலில் அதை எடுத்துப் பூட்டு, அப்புறம் நீயே போலீஸைக் கூப்பிட்டு ஒப்படை, இல்லையென்றால் நான் சொல்லிவிடுவேன் என்றேன். படத்தை வேண்டுமானால் அழித்துவிடச் சொல்கிறேன் என்றான். படம் கிடக்கட்டும், துப்பாக்கியை எடு என்று கத்தினேன். சட்டம் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இவனுக்குச் சட்டம் தலைகீழாகத் தெரியும். ஆனால் அவன் பயந்தது வேறொன்றுக்கு.

"பூஜையில வச்சதை நாளைக்குக் காலையில மறுபூஜை முடியாம தொடக் கூடாதுக்கா, உங்களுக்குத் தெரியாததா?"

உங்களுக்கு என்ன?

டேவிடம் சொன்னேன். அவர் போலீஸிடம் சொன்னார். மறுபூஜை வரைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. குங்குமத்தோடு எடுத்துக்கொண்டு போனார்கள். லைசென்ஸ் உடனே நிறுத்தப்பட்டது, கேஸ் பதிவானது. அதுவரைக்கும் எனக்கு வருத்தம்தான் இருந்தது. விசாரணையில் முரளி என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? கடையில் இருக்கும் அக்கா எங்கள் ஆள், அவரிடம் கேட்டுத்தான் செய்தேன் என்று. கேட்டது உண்மை. என்ன பதில் கிடைத்தது என்பதைத்தான் விழுங்கிவிட்டான். போலீஸ் கடைக்கு வந்து என்னை உட்காரவைத்துத் துருவினார்கள். விசாரணை முடியும்வரை துப்பாக்கிப் பக்கம் போகாதே என்று என்னைத் தூண்டில் முள் விற்கும் மூலைக்கு அனுப்பினார் டேவ். நான் மறுத்த ஒவ்வொரு தடவையும் தன் காதால் கேட்டதாக அவர் எழுதிக் கொடுத்ததால்தான் என் அனுமதி பிழைத்தது. குழுவில் மட்டும் நான் இன்றைக்கும் காட்டிக்கொடுத்தவள். ஆமாம், நான்தான் சொன்னேன். நாலு வயதுப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் அது பூ வைத்துக்கொண்டு இருந்தது. மறுபடியும் பார்த்தால் மறுபடியும் சொல்வேன்.

தூண்டில் மூலையில் இருந்தபோதுதான் கவிதா வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். கேஸ் இருப்பதால் குடியுரிமை நின்றுவிட்டது, வக்கீல் ஒரு யோசனை சொன்னார் என்றாள். வக்கீல் சொன்னாரோ, முரளி சொன்னானோ. நான் தவறாக ஆலோசனை சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம். அப்படி எழுதினால் இந்த வேலையும் போகும், இனி இந்தத் தொழிலில் எங்கேயும் நிற்க முடியாது, பொய் சொன்னதற்கு என் மேலேயே கேஸ் வரும் என்றேன். முடியாது என்று அவளிடமும் இரண்டு மொழியிலும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் ஏற்கெனவே சிட்டிசன் ஆயிட்டீங்களே அக்கா, உங்களுக்கு என்ன ஆயிடப் போகுது?"

பேரல் இத்தனை நீளம்தான் இருக்கலாம் என்று சட்டம் போட்டவர்கள், 'அக்கா' என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு எவ்வளவு தூரம் கேட்கலாம் என்பதற்கும் ஓர் அளவு போட்டிருந்தால் எங்கள் தொழில் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக நடந்திருக்கும்.