முதுகில் பன்னிரண்டு நாள்

அசதி என்று வருகிறவர்களை டாக்டர் வெனிங் எப்போதும் கண்ணிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவாள். கீழிமையை விரலால் இறக்கி நிறம் பார்ப்பாள். பிறகு நாக்கு, உள்ளங்கை. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். நெஞ்சு, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல், கடைசியாகக் கணுக்கால் வீக்கம். எல்லாம் சேர்ந்து ஆறு நிமிடம். மலையடிவாரத்து அரசு மருத்துவ நிலையத்தில் ஐம்பது பேர் காத்திருந்தாலும் ஒன்றையும் விடமாட்டாள். நர்ஸுகள் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த ஆறு நிமிடம் அவளுடைய அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அம்மா பொனியெம், கிளாத்தென் ஊர்ச் சந்தையில் டோஃபு விற்றவள். லாரி ஓட்டிய கணவன் செத்தபோது வெனிங்குக்கு நான்கு வயது. அன்றிலிருந்து சோயாவை ஊறவைத்து, அரைத்து, கட்டியாக்கி, இரண்டு வாளியில் தூக்கிப்போய் விற்றாள். தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு விரற்கடை இறங்கிப்போனது. இருபத்தாறு வருடத்தில் கடையை மூடியது மூன்றே நாள். கணவனின் நாற்பதாம் நாள், மகள் நுழைவுத் தேர்வு எழுதிய நாள், மகள் பட்டம் வாங்கிய நாள். பட்டமளிப்பு விழாவுக்கு வாடகைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவள், அங்கே சாப்பாடு பத்தாமல் போனால் என்ன செய்வது என்று கைப்பையில் பொரித்த டோஃபு பத்துத் துண்டு வைத்திருந்தாள்.

சந்தையில் யாருக்கு என்ன வந்தாலும் "எம் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பாள். தனக்கென்று கேட்டதே இல்லை. அவள் உடம்புக்கு வரக்கூடிய கேடு அவளைப் பொறுத்தவரை ஒன்றுதான்: காற்று புகுந்துவிட்டது. அதற்கு மருந்தும் ஒன்றுதான். பக்கத்துக் கடை பார்த்தியக்கா தைலத்தைத் தடவி, டச்சுக்காரன் காலத்துச் செப்புக் காசின் விளிம்பால் முதுகைச் சுரண்டிவிடுவாள். முதுகுத்தண்டின் இரு பக்கமும் மீன் முள்போலச் சிவப்புக் கோடுகள் கிளம்பும். எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று வெளியேறியதாகக் கணக்கு. வெனிங் அந்தக் காசில் வளர்ந்தவள். டாக்டரான பிறகும் வேலை அலுப்பில் வீட்டுக்கு வந்தால் அதே காசுக்கு முதுகைக் காட்டிப் படுப்பாள்.

ஜனவரி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே வரவேற்றாள். மகள் வருகிறாள் என்று உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தாள்.

"என்னம்மா, கடைய மத்தியானமே மூடிடுறியாம்?"

"பார்த்தி சொன்னாளா? அவ வாய வாளியில போட்டு மூடணும்."

"அசதியா இருக்கா?"

"மழைக்காலம். காத்து பூந்துருச்சு. வாளி கொஞ்சம் கனக்குது, அவ்வளவுதான்."

"இங்க திரும்பு. கண்ணக் காட்டு."

பொனியெம் கையைத் தட்டிவிட்டாள். "உனக்கு நான் நோயாளியா? டோக்கன் வாங்கிட்டு வரட்டுமா? எலும்பும் தோலுமா வந்து நிக்கிற, உன்னத்தான் யாராச்சும் பார்க்கணும். மொதல்ல சாப்புடு."

பெற்றவள் தலையில் பிள்ளை கைவைக்கிற பழக்கம் அங்கே கிடையாது. வெனிங் வற்புறுத்தவில்லை.

சாப்பிட்டதும் அம்மா நனைந்த சட்டையை மாற்றத் திரும்பினாள். முதுகு முழுக்கக் கோடுகள், கத்தரிக்காய் நிறத்தில். கோடுகளுக்கு நடுவே ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள்.

"அடேயப்பா, புலி மாதிரி இருக்க. ஊர்க் காத்தெல்லாம் உனக்குள்ளதான் போல."

"பார்த்தி கை அப்படி. காசு தேயல, நாந்தான் தேயிறேன்."

இருவரும் சிரித்தார்கள். புள்ளிகளை வெனிங் பார்த்தாள். காசு பட்டது என்று நினைத்துக்கொண்டாள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, புதன்கிழமை ரத்தம் சோதிக்க வரச் சொன்னாள்.

"புதன் பெரிய சந்தைடி. அடுத்த வாரம் வரேன்."

"சரி," என்றாள் வெனிங்.

வியாழக்கிழமை காலை கடையில் பொனியெமின் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. தலை வலிக்கிறது என்றவள், டோஃபு வாளிக்குப் பக்கத்திலேயே சரிந்தாள். மழையில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வெனிங் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அம்மாவைத் துணியால் மூடியிருந்தார்கள். பணியிலிருந்த டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு கையாலும் நீட்டினான். வெள்ளணு ஒரு லட்சத்து எண்பதாயிரம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு வெறும் ஒன்பதாயிரம். ரத்தப் புற்று, மூளைக்குள் கசிவு. அவன் விளக்க ஆரம்பித்தான். அவள் தலையசைத்து நிறுத்தினாள்.

சாயங்காலத்துக்குள் வீட்டுக் கொல்லையில் திரை கட்டினார்கள். குளிப்பாட்ட மூன்று பெண்கள்: வெனிங், பார்த்தியக்கா, பள்ளிவாசலிலிருந்து வந்த ஜுமியா அம்மா. உடம்பை ஒருக்களித்தபோது முதுகுக் கோடுகள் ஞாயிற்றுக்கிழமை இருந்த மாதிரியே இருந்தன.

"இந்த வாரமும் காசு வெச்சீங்களாக்கா?"

"இல்லடி. கடைசியா சுரண்டி பன்னெண்டு நாளாச்சு. திரும்பச் சுரண்டட்டுமான்னேன். மொதல்ல இது மறையட்டும்னா. மறையவே இல்ல."

காசுக் கோடு நான்கு நாளில் மறைந்துவிடும். அந்த ஊரில் குழந்தைக்குக்கூட அது தெரியும். எப்போது சுரண்டியது என்ற ஒரு கேள்வியை நோயாளிகளிடம் ஆயிரம் தடவை கேட்டவள் அவள்.

"உடம்பு மேல கண்ணீர் விழக்கூடாதும்மா," என்றாள் ஜுமியா. "வயித்த மெதுவா அழுத்துங்க. உள்ள இருக்கிறது வரட்டும்."

வெனிங் அழுத்தினாள். கை தானாக இடது விலாவுக்குக் கீழே போயிற்று. மண்ணீரல், மூன்று விரற்கடை, கெட்டியாக. ஞாயிற்றுக்கிழமையும் அது அங்கேதான் இருந்திருக்கும். ஒரு நொடி கையை எடுத்தாள். பிறகு அம்மாவின் முகத்தருகே போய், கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்தாள். வெளுப்பு. நாக்கு, உள்ளங்கை. கழுத்தில் இரண்டு நெறி, அக்குளில் ஒன்று.

"டாக்டரம்மா, வலப்பக்கத்துலேர்ந்து கழுவணும். நீங்க வேற எங்கயோ போறீங்க."

"விடுங்க," என்றாள் பார்த்தி. "அவ அம்மாவ அவ பார்க்கட்டும்."

ஜுமியா குவளையைப் பிடித்தபடி ஒதுங்கி நின்றாள். வெனிங் கணுக்காலுக்கு வந்தாள். எலும்புக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழவில்லை, வீக்கம் இல்லை.

ஆறு நிமிடம்கூட ஆகியிருக்காது.