கடையில் குடித்தனம்

அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தபோது நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். ஒரு ஹால், ஒரு அறை, சமையல்கட்டு, பின்னால் குளியலறை. தரைத்தளம். வாசலில் இருந்த ஒரே படியையும் வீட்டுக்காரரிடம் கேட்டு சிமெண்ட் போட்டுச் சரிவாக்கியிருந்தோம். சக்கர நாற்காலியில் நானாகவே வெளியே போய்விட்டு நானாகவே உள்ளே வருவேன். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

நான் வீடுகளுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கட்டி முடியாத ஒரு மாடியில், சுவரில் பதித்த பைப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். பின்னால் தளம் முடிந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் படுத்திருந்துவிட்டு ஊருக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் தெரியாது. சூடு தெரியாது, கொசு கடிப்பது தெரியாது, ஒன்றுக்கு வருவது தெரியாது.

என் மனைவி பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்து மிக்சி, அயர்ன் பாக்ஸ் எதையாவது சரி பார்ப்பேன். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு உதவுகிற அறக்கட்டளை ஒன்று எங்கள் வாடகையில் பாதியைக் கொடுத்துவந்தது. நான்கு வருஷம் ஒழுங்காகக் கொடுத்தார்கள். அந்தப் பாதியை வைத்துத்தான் அந்த வீட்டில் இருந்தோம்.

கடிதத்தில் விதி மாறிவிட்டது என்று எழுதியிருந்தது. வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் ஓர் அறை போதும், இனி ஓர் அறை உள்ள வீட்டுக்கு என்ன வாடகையோ அதற்குத்தான் உதவி, ஹாலும் ஓர் அறையாகவே கணக்கு, கூடுதல் அறைக்குக் கிடையாது. விரும்பினால் சிறிய வீட்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்று கடைசி வரி. கீழே கையெழுத்து இருந்தது. யாருடையது என்று படிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் அங்கிருந்து ஒரு பெண் வந்தது. இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தது.

"ஹால் ஒண்ணு, ரூம் ஒண்ணு. சரிதான சார்?"

"சரிதாம்மா."

"ரூம்ல ஒரு கட்டில்தான் இருக்கு. அக்கா எங்க படுப்பாங்க?"

"நான் ஹால்ல படுப்பேன்மா" என்றாள் என் மனைவி.

"ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்க முடியாதா அக்கா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். தினமும் காலையில் எனக்கு எனிமா வைத்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரம் கதவைச் சாத்திக்கொள்வேன். அவள் ஹாலில் ரேடியோவைப் போட்டுவிட்டுச் சமைப்பாள். அந்த ஒரு கதவு இருந்ததால்தான் எங்களுக்குள் பேச்சுவார்த்தை ஒழுங்காக இருந்தது என்று நான் நினைக்கிறேன். இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அதற்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

"முடியாதுன்னு இல்லம்மா" என்றேன்.

அது எழுதிக்கொண்டது. டீ சாப்பிடச் சொன்னோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு வீடு தேடினோம். ராஜபாளையத்தில் முந்நூறு வீட்டுக்காவது நான் ஒயர் இழுத்திருப்பேன். எந்த வீட்டில் மெயின் போர்டு எங்கே இருக்கிறது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். எந்த வீட்டுக்கு எத்தனை படி என்று எனக்குத் தெரியவில்லை. ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்வதால், மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க எல்லோரும் வீட்டைத் தூக்கிக் கட்டுகிறார்கள். நான்கு படி, ஐந்து படி. ஓர் அறை வீடு என்றால் அநேகமாக மாடியில், இரும்புப் படிக்கட்டு ஏறிப் போகிற மாதிரி ஒதுக்கிக் கட்டியிருப்பார்கள். தரைத்தளத்தில் கிடைத்தால் குளியலறைக் கதவு இரண்டடி இருக்கும். என் நாற்காலி இரண்டடி இரண்டங்குலம்.

நான் ஒயரிங் செய்த வீட்டுக்காரர் ஒருவருக்குப் பின்பக்கம் ஒரு சின்ன வீடு காலியாக இருந்தது. இரண்டே படி. மனைவியோடு ஆட்டோவில் போனேன். அவர் வெளியே வந்து ஆட்டோவின் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"நீங்க போட்ட லைன், இன்னைக்கு வரைக்கும் ஒரு ட்ரிப் ஆகலை தம்பி" என்றார்.

"பின்னால வீடு காலியா இருக்குன்னு சொன்னாவ."

"இருக்கு. ஆனா, நீங்களே பாருங்க. எங்க வீட்டுல வயசானவிய இருக்காவ. தெனமும் உங்கள இப்பிடிப் பாத்தா அவியளுக்கு மனசு கஷ்டமா இருக்கும்."

"ஆமா" என்றேன்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"இல்லண்ணே."

அவர் ஆட்டோக்காரரிடம் வண்டியை எப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அன்றைக்கு வரவில்லை. அந்த வீட்டு மாடியில் ஒரு ஃபேன் பாயிண்ட் தள்ளிப் போட்டுவிட்டேனே என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இன்னொரு வீட்டுக்கு மூன்று படி. வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவரும் ஆட்டோக்காரருமாக என்னை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். ஹால் பிடித்திருந்தது. குளியலறைக்குள் மட்டும் போக முடியவில்லை. மறுபடியும் தூக்கி வெளியே வைத்தார்கள். வீட்டுக்கு வந்து என் மனைவி காலுறையைக் கழற்றியபோது அது முழுக்க ரத்தம். வலது கால் பெருவிரல் நகம் பாதி பெயர்ந்து தொங்கியது. எந்தப் படியில் இடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"வலிக்கலையா?" என்று கேட்டுவிட்டு அவள் அப்படியே நிறுத்திவிட்டாள். பிறகு கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த கழிவுத் துணியில் ஒரு துண்டு எடுத்துக் கட்டினாள். அவள் கட்டி முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலத்தான் இருந்தது. அந்தப் புண் ஆற ஏழு வாரம் ஆனது.

அதற்குள் உதவிப் பணம் குறைந்து வரத் தொடங்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு புரோக்கர் போன் செய்து, படியே இல்லாத இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் வீடு இல்லை, கடை என்றார்.

போய்ப் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷத்தில் ஒரு குறுக்குத் தெரு. நான்கு கடைகள் ஒரே வரிசையில் இருந்தன. ஒன்றில் தையல்காரர். மற்ற மூன்றும் பூட்டிக் கிடந்தன. கடை என்பதால் தெருமட்டத்துக்கே தளம் போட்டிருந்தார்கள். ஷட்டரைத் தூக்கியதும் நான் நேராக உள்ளே போனேன். யாரும் தூக்கவில்லை, தள்ளவில்லை. உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்தேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். அப்போதே முடிவாகிவிட்டது.

சொந்தக்காரர் மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். பின்னால் எல்லாக் கடைக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ் இருந்தது. அதன் கதவும் இரண்டடிதான்.

"கதவ கழட்டிட்டு ஸ்கிரீன் போட்டுக்கிடலாமாண்ணே?" என்று கேட்டேன். கதவையும் கீலையும் எடுத்துவிட்டால் ஒன்றரை அங்குலம் கிடைக்கும். நாற்காலிச் சக்கரத்தின் வெளி வளையத்தைக் கழற்றினால் மிச்சமும் கிடைக்கும்.

அவர் அந்தக் கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "கடைன்னுதான் கட்டுனேன். நீங்க இருக்கணும்னா இருங்க. கரெண்டு கடை ரேட்டுலதான் வரும். பொறவு தண்ணி பத்தல, காத்து வரலன்னு எங்கிட்ட சொல்லப்படாது."

"சொல்ல மாட்டோம்" என்றாள் என் மனைவி.

பீரோவைச் சேத்தூரில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். தையல் மிஷினும் அங்கேதான் போனது. ஹாலில் இருந்த இரண்டு நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். என் கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம், துணி இரண்டு டிரங்குப் பெட்டி. கடைக்குள் இவ்வளவுதான் கொண்டது. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் அவள் பாய் விரித்துக்கொண்டாள். வண்டிக்காரர் சாமானை இறக்கிவிட்டு, "என்ன கடை போடப் போறீங்கக்கா?" என்று கேட்டார். அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

காலை ஒரு மணி நேரம்தான் பெரிய சிக்கலாக இருந்தது. இங்கே உள் கதவு கிடையாது. அந்த நேரத்தில் அவள் வெளியே போய் ஷட்டரை இறக்கிவிடுவாள். போவதற்கு இடமில்லை. தெருவில் ஷட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைக் காதில் வைத்தபடி நிற்பாள். யாரோடும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். சும்மா நின்றால் ஆட்கள் கேட்பார்கள் என்று அப்படி. உள்ளே இருந்து எனக்கு எல்லாம் கேட்கும்.

"கடை எப்பம்மா தொறப்பீங்க?"

"செத்த நேரம் ஆகும்ணே."

முடிந்ததும் உள்ளே இருந்து தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவேன். அவள் தூக்குவாள். ஊதுபத்தி கொளுத்துவாள். குளித்துவிட்டு ஏழரை மணி பஸ்ஸில் ராஜபாளையம் போவாள். உட்கார்ந்தபடி என்னால் அந்த ஷட்டரைத் தூக்க முடியாது, முழுக்கத் திறந்தால் கட்டில்வரை தெருவுக்குத் தெரியும் என்பதால் பாதி உயரத்துக்குத் திறந்து வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் அவள் வரும்வரை தெருவில் போகிறவர்களின் இடுப்புக்குக் கீழேதான் எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் சிலரைச் செருப்பை வைத்தே அடையாளம் கண்டுகொண்டேன்.

ஒருநாள் ஒரு அம்மா குனிந்து எட்டிப் பார்த்தார். நான் எங்கள் மிக்சியைப் பிரித்து வைத்திருந்தேன்.

"மிக்சி ரிப்பேர் பாப்பீங்களா?"

"பாப்பேன்."

"போர்டு வைக்கலையே?"

"இது வீடும்மா" என்றேன். அவர் காதில் விழவில்லையோ, இல்லை நம்பவில்லையோ. சாயங்காலம் ஒரு அயர்ன் பாக்ஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அப்புறம் தையல்காரர் தன் மிஷின் மோட்டாரைக் கொடுத்தார். வாரத்துக்கு மூன்று நான்கு சாமான் வந்தது.

ஐந்தாவது மாதம் அறக்கட்டளைப் பெண் மறுபடியும் வந்தது. புதிய வீட்டைப் பார்த்து எழுத வேண்டுமாம். ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தது. கட்டிலைப் பார்த்தது, அடுப்பைப் பார்த்தது, தரையில் வரிசையாக இருந்த இரண்டு மிக்சியையும் ஒரு டேபிள் ஃபேனையும் பார்த்தது.

"சார், கடை வச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா. வீடுதான். யாராவது குடுத்தா பாத்துக் குடுக்குறது."

"ஈ.பி. கார்டு காட்டுங்க சார்."

காட்டினேன். அதில் கடை என்றுதான் போட்டிருந்தது. படம் எடுத்துக்கொண்டது. கிளம்பும்போது, "நான் வீடுன்னுதான் எழுதுவேன் சார். மேல என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியலை" என்றது. அதன் கண்ணைப் பார்த்தால் அழுதுவிடும் போலிருந்தது. எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை. பார்த்துப் போம்மா, தலை இடிக்கும் என்றேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வணிக இடத்துக்கு வாடகை உதவி வழங்க இயலாது. மொத்தமாக நின்றுவிட்டது. இரண்டு தடவை படித்தேன். கையில் இருந்த மிக்சிக்குக் கப்ளர் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன். ஓட்டிப் பார்த்தேன், சத்தம் சரியாக இருந்தது. சாயங்காலம் என் மனைவி வந்ததும் கடிதத்தைக் கொடுத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து படித்தாள்.

"ரெண்டு அறையில இருந்தோம், கூடுதல்னாவ. இப்ப அறையே இல்லைங்காவ" என்றாள்.

"ஆமா."

"பழைய வீடு இருக்கான்னு கேப்பமா?"

போன் செய்து கேட்டேன். நாங்கள் காலி செய்த மாதமே அங்கே வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் வண்டி ஏற்ற அந்தச் சரிவு வசதியாக இருக்கிறது என்று சொன்னார்களாம். வீட்டுக்காரர் அதைச் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷம் என்றேன்.

இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிக்குப் போகிறாள். நான் கடைசியில் ஒரு அட்டையில் மார்க்கர் பேனாவால் 'மிக்சி, அயர்ன் ரிப்பேர்' என்று எழுதி வெளியே தொங்கவிட்டேன். வாடகை எப்படியோ போய்விடுகிறது. எப்படி என்று இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

போன மாதம் பக்கத்துக் கடையை ஒருவர் எடுத்து டீக்கடை போட்டார். அதிலிருந்து காலையில் அவள் தெருவில் நிற்பதில்லை. அங்கே பெஞ்சில் போய் உட்காருகிறாள். டீக்காரர் ஒன்றும் கேட்பதில்லையாம். முதல் நாள் தானாகவே ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தாராம்.

"டீ நல்லா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சீனிதான் கூடப் போடுதாரு" என்றாள், ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டே.