மேனகா தொடாத கை

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் கூடப் பொய் இல்லை. சரி, படிக்கட்டுகளின் எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும். அதற்காகக் கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணீர்க் கடை மர வாங்கில் குந்தியிருக்கும் கஜேந்திரனும் ஷிஹானும் இப்போதே எழும்பிப் போக வேண்டாம்.

மேனகா இந்தத் தெருவில் பிறந்தவள். தமிழ்நாட்டில் படித்து, அங்கேயே எட்டு வருடம் தொழில்வழிச் சிகிச்சையாளராக வேலை பார்த்தாள். பாரிசவாதம் வந்தவர்களுக்கு மறுபடி பொத்தான் போட, தலை வார, சோறு பிசையப் பழக்குவது அவள் வேலை. கலியாணம் முடித்துத் திரும்பியதும், இங்கே அந்த வேலையைச் செய்யத் தனியாகப் பதிவு வேண்டும் என்றார்கள். கொள்ளுப்பிட்டியில் நானூறு படி ஏறினால் வரும் பதிவுக் கந்தோருக்குப் பதினான்கு முறை போனாள்.

அங்கே நபீஸ் என்றொரு கிளார்க். மூக்கைக் குடைந்த விரலாலேயே பக்கம் புரட்டுகிறவர். அவளுடைய சான்றிதழின் மேல் கோப்பையை வைத்து வைத்து மூன்று தேத்தண்ணீர் வட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் அரசாங்க முத்திரை மாதிரியே இருக்கும்.

"மிஸ், ஃபோர்ம்ல 'நாட்டின் சபை'ண்டு ஈக்கி. நீங்க கொண்டு வந்த கடிதம் மாநிலச் சபையிட. மாநிலம் ஒரு நாடா?"

"அங்க மாநிலம்தாங்க பதிவு குடுத்துச்சு."

"அப்ப முழு இந்தியாவையும் ஒரு கையெழுத்து வைக்கச் செல்லுங்க."

அந்த நேரத்தில்தான் வெள்ளவத்தைத் துணிக்கடை பஸீர் ஹாஜியாருக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்தது. மகள் பர்ஹாவின் கலியாணத்துக்கு ஆறு கிழமை, நாற்பத்திரண்டே நாள்தான் இருந்தது. கலியாணச் சாப்பாடு சஹனில். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து, ஒரே சோற்றை அள்ளுவார்கள். அதற்குள் இடது கையை விடுவதைவிட ஹாஜியார் பட்டினி கிடப்பார். ஆஸ்பத்திரியில் கிடைத்த திகதியோ கலியாணம் முடிந்து இரண்டு மாதம் கழித்து.

அவருடைய மனைவி ஜவாஹிறா மேனகாவைத் தேடி வந்தார். "மகள், ஒருக்கா வந்து அவர்ட கையப் பாருங்களே."

"பதிவு இல்லாம தொட்டேன்னா, பிறகு எனக்குப் பதிவே குடுக்க மாட்டாங்க ஆன்ட்டி."

"அப்ப தொடாமப் பாக்க ஏலாதா?"

மறுநாள் மேனகா அவர்கள் குசினியில் ஹாஜியாருக்கு எதிரே இருந்தாள். "நான் புட்டுக்கு மா குழைக்கிறேன். நீங்களும் குழைங்க. யாரு கேட்டாலும் இது சமையல் வகுப்பு."

முதல் கிழமை மா சுவரில், மின்விசிறியில், பக்கத்து வீட்டுப் பூனையின் முதுகில். மூன்றாம் கிழமை சோறு. பாதி வாய்க்குப் போகும், மீதி தாடியில் தொங்கும். ஹாஜியார் தன் மடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"சீ! பச்சப் புள்ளயும் இப்பிடித் திங்காது. துடைச்சு விடுங்க!"

"நீங்களே வழிச்சு எடுங்க ஹாஜியார். அதுவும் பயிற்சி... இல்ல, அதுவும் சமையல்தான்."

கலியாணத்தன்று ஹாஜியார் சஹனுக்கு இருந்தார். ஐந்து விரலும் கூடின, கவளம் வாய்க்குப் போனது. அதே சஹனில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் இரண்டு கோழிக்காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். வேறு யார், நம் நபீஸ்தான்.

"கை நல்லா வந்திட்டே ஹாஜியார். யார் பாத்த?"

"எங்கட மேனகா!" ஹாஜியாருக்குப் பூரிப்பு. "தொடாமலே பாத்த!"

பதினான்கு முறை போயும் வராத பதில் ஐந்தே நாளில் வீடு தேடி வந்தது. 'தொழில்வழிச் சிகிச்சையாளர் திருமதி மேனகா, பதிவின்றிச் சிகிச்சை அளித்தமைக்கு உடன் விளக்கம் தரவும்.' கீழே நபீஸின் கையெழுத்து. சஹனில் சோறு அள்ளிய அதே கை.

மேனகா அறுநூறு படி ஏறினாள். கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"என்னான்னு எழுதியிருக்கீங்க? தொழில்வழிச் சிகிச்சையாளர். நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இப்ப பதிவக் குடுங்க."

நபீஸ் இரண்டு தரம் வாசித்தார். மேசை லாச்சியைத் திறந்து வெள்ளை மைப் போத்தலை எடுத்தார். 'தொழில்வழிச் சிகிச்சையாளர்' என்ற இடத்தைப் பூசி மறைத்தார். காயட்டும் என்று வாயால் ஊத, கடிதமெல்லாம் எச்சில் புள்ளி.

"இப்ப சரி மிஸ்."

மேனகா அதைச் செத்த எலி மாதிரி இரண்டு விரலால் தூக்கி, அவர் காலடிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு இறங்கினாள். இன்றைக்கு வெள்ளவத்தையில் நாலு வீட்டில் அவளுடைய சமையல் வகுப்பு நடக்கிறது.

"அப்ப நாளைக்கு பதிவு இல்லாத ஆரும் வந்து என்ட வாப்பாட கைய முறிச்சா?" வாங்கில் இருந்த ஷிஹான் கோப்பையை வைத்தான்.

"முறிக்க அவ தொடவே இல்லையே!" என்றான் கஜேந்திரன்.

"தொடாட்டியும் சிகிச்சை சிகிச்சைதான்!"

"சிகிச்சைன்னு ஒத்துக்கிறல்ல? அப்ப பதிவக் குடு!"

"நான் என்ன கந்தோரா? நபீஸ் எனக்கு பெரியும்மாட மகன், நானா முறை, வாயப் பாத்துக் கத!"

"அதான பாத்தேன்! கோழிக்கால்ல உனக்கும் ஒண்ணு வந்துச்சோ?"

வாங்கு கவிழ்ந்தது.