வலப்பக்கத்துப் பம்பாய்

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைப் பனியன் துணி கிடக்கிறது. நடுவில் நெட்டாக ஒரு தையல். இரண்டு ஓரமும் சுருண்டே இருக்கும். எத்தனை இஸ்திரி போட்டாலும் பனியன் துணி அப்படித்தான். அந்தத் தையல் நான் போட்டது. அறுபதுகளில் திருப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தையல் டீச்சர்.

எங்கள் பூகோள வாத்தியார் கோயமுத்தூரிலிருந்து ஒரு புரொஜெக்டரைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். திரைக்கு ஒரு பனியன் கம்பெனிக்காரர் துணி கொடுத்தார். அகலம் போதாமல் இரண்டு துண்டுகளை ஒட்டித் தைத்தேன். அறையின் நடுவே கட்டி இந்தியா படத்தை விழவைத்தால் தையல் நாக்பூர் வழியாகப் போனது. "நாக்பூருக்கு ரயிலு உட்டுட்டீங்க டீச்சர்" என்று வாத்தியார் சிரித்தார்.

சன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டி இருட்டாக்கிய அறையில் பையன்களோடு பெண்பிள்ளைகளை உட்காரவைத்தால் ஊர் சும்மா இருக்குமா? துணியோ மெல்லியது, படம் மறுபக்கமும் பளிச்சென்று தெரிந்தது. பெண்களைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தது நான்தான். எழுத்தில்லாத படம் அது. வாத்தியார் முன்னால் நின்று குச்சியால் ஊர்களைத் தொட்டுக் காட்டுவார். குச்சியின் நிழல் பின்னாலும் தெரியும். பிள்ளைகளும் சத்தமில்லாமல் கவனித்தார்கள். நாங்கள் வேறென்ன கேட்கப்போகிறோம்?

அந்தப் பெண்களில் ஒருத்தி படிப்பில் கெட்டி. அவள் அப்பா அந்த வருஷத்தோடு அவளை நிறுத்திப் பனியன் மடிக்க அனுப்புவதாக இருந்தார். பள்ளியைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்தால் அதைச் சொல்லி அப்பாவிடம் பேசிப் பார்க்கலாம் என்று வாத்தியார் நினைத்தார். அதனால் இன்ஸ்பெக்டர் வந்த அன்று அவளைத்தான் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். பலகையில் இந்தியாவின் கோடு மட்டும் இருந்தது. பம்பாய் எங்கே என்றார் இன்ஸ்பெக்டர். அவள் கொஞ்சமும் தயங்காமல் வலப்பக்கக் கரையில், விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில், புள்ளி வைத்தாள்.

பையன்கள் சிரித்தார்கள். "படத்துல இந்தப் பக்கந்தானுங்க இருந்துச்சு" என்றாள் அவள். மற்றப் பெண்கள் அத்தனை பேரும் "ஆமாங்க" என்றார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார்.

"பொண்ணுகளைப் பின்னால உக்கார வெச்சது யாருங்க?" என்று பிறகு தலைமையாசிரியர் கேட்டார். நானும் அங்கேதான் நின்றேன். "நானுங்க" என்றார் வாத்தியார். நான் வாயைத் திறக்கவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே ஒன்றுமே இல்லை, மரத்துப்போயிருந்தது.

பள்ளி விட்டபின் வாத்தியார் புரொஜெக்டரை எரியவிட்டுத் திரைக்குப் பின்பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தார். இடம் வலமாகத் திரும்பிக் கிடந்த இந்தியாவை வெகுநேரம் பார்த்தார். "ஒரு நாளாச்சும் இங்க வந்து உக்காந்திருக்கோணுமுங்க டீச்சர்" என்றார். மறுநாள் பெண்களை முன்னால் உட்காரவைத்துப் பாடத்தை முதலிலிருந்து நடத்தினார். அவள் மட்டும் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார். "பம்பாய் எந்தப் பக்கம் இருந்தா என்னங்க சார், பனியன் மடிக்கிறதுக்கு?" என்று அப்பா கேட்டாராம். வாத்தியார் மரியாதையாகத் திரும்பி வந்துவிட்டார். மாற்றலாகிப் போகும்போது துணியை என்னிடம் கொடுத்தார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வகுப்புக்கு வகுப்பு ஒளிரும் பலகை வந்துவிட்டதாம். வரட்டும், நல்லதுதான். நேற்று துணியை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். துணியில் நல்ல பக்கம் எது, மறுபக்கம் எது என்று பார்க்கத்தான் தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பேன். அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.