எட்டுக் கல் சீரியலும் எங்கள் ஊர்த் தண்ணீரும்

கேபிள் தொழிலில் இருப்பவன் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் எல்லாப் படத்துக்கும் அவன்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

தோளில் ஏணியைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக ஒயர் இழுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும். மரக்காணத்தில் நானும் கோட்டக்குப்பத்து பஷீரும் கூட்டாகக் கேபிள் நடத்தினோம். டிஷ், மெஷின் எல்லாம் அவன் அண்ணன் சவுதியில் சம்பாதித்து வாங்கிக் கொடுத்தது. ஏணியும் திட்டு வாங்குவதும் என் பங்கு. திண்டிவனம் ரோட்டு மேட்டில், சைக்கிள் கடைக்கு மேலே கண்ட்ரோல் ரூம். என் வீடு ஈ.சி.ஆர். என்கிற பெரிய ரோட்டுக்குக் கிழக்கே, உப்பளத்தைப் பார்த்த தெருவில் இருந்தது.

சுனாமி வந்து போன அடுத்த வருஷம். லோக்கல் சேனலில் பழைய படம் போட்டால் ஒருத்தரும் பார்ப்பதில்லை. பஷீர் எங்கேயோ அலைந்து, தமிழில் டப் செய்த ஓர் அறிவியல் சீரியலின் சி.டி.க்களைப் பெட்டியோடு வாங்கி வந்தான். ஏதோ ஒரு கிரகம். அங்கே கடல் அடிக்கடி ஊருக்குள் ஏறும். ஊரைச் சுற்றி மதில், மதிலில் ஒரு கதவு, கதவில் கலர் கலராக எட்டுக் கல். கல்லைச் சரியான வரிசையில் வைத்தால் கதவு மூடும், தண்ணீர் நிற்கும். வரிசை தினமும் மாறும். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய விடுகதை திரைக்கு அடியில் தமிழ் எழுத்தாக ஓடும். ஒரு பெண் கடைசி நொடியில் விடை கண்டுபிடிப்பாள். மதியம் ஒரு தடவை போடுவோம், சாயங்காலம் மறுபடியும் போடுவோம். கடலிடம் அடி வாங்கிய ஊரில் இதைப் போடலாமா என்று எனக்கு உதறல்தான். ஆனால் ஊரே உட்கார்ந்து பார்த்தது. அதன் உண்மையான பெயரை யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது எட்டுக் கல் சீரியல்.

ஏகாம்பரத்தின் சந்தேகம்

ஏகாம்பரம் எங்கள் தெருவில் இருந்த உப்பள மேஸ்திரி. பாத்தியெல்லாம் கடல் சேறு ஏறிக் கிடந்ததால் அந்த வருஷம் அவருக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். கதவு மூட வேண்டும் என்றால் ஒரு தாழ்ப்பாள் போட்டால் போதாதா, எட்டுக் கல் எதற்கு என்று கேட்டார். கதை சுவாரசியமாக இருக்க வேண்டாமா அண்ணே என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்த மதிலைக் கட்டியவன் நானே என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. "தண்ணி வர்ற ஊர்ல பூட்டுக்குப் பக்கத்துலயே விடுகதைய எழுதி வெச்சிட்டுப் போயிருக்கானே, அவன் நம்மள காப்பாத்த வெச்சானா, நாம தவிக்கறதப் பாக்க வெச்சானாப்பா?"

கன்னியம்மாவின் கேள்வி

கடலோரத்துக் குப்பத்தில் தகரக் கொட்டகைகளுக்கு லைன் கொடுத்திருந்தோம். ஒருநாள் கம்பத்தில் ஏறி ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தபோது கீழே மீன் கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மா கூப்பிட்டாள். மீன் விற்கிறவள். வாய் திறந்தால் தெருவே சிரிக்கும் என்று பெயர் வாங்கியவள், சுனாமிக்குப் பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகுதானே விடை தெரிகிறது, நிஜத்தில் அப்படி நடக்குமா என்று கேட்டாள்.

கதைதானே அக்கா, அதெல்லாம் நடக்காது என்றேன். அவளுடைய பிள்ளை பக்கத்தில்தான் ஒரு நண்டைக் குச்சியால் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கழுத்து வரைக்கும் தண்ணி வந்தப்ப எனக்கு எம்புள்ள பேரே வாயில வரல தம்பி. அந்தப் பொண்ணு விடுகதைக்கு பதில் சொல்றா."

 பாதி வேலையோடு இறங்கிவிட்டேன். மிச்சத்தை மறுநாள் வந்து முடிப்பதாகச் சொன்னேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள். "நிதானமா வா. அது வரைக்கும் படம் புள்ளி புள்ளியா தெரிஞ்சா நல்லதுதான்."

டெய்லர் கோதண்டத்தின் ஏற்பாடு

கோதண்டம் டெய்லர் வேறு விதம். தினமும் காலையில் கண்ட்ரோல் ரூம் படியேறி வந்துவிடுவார். முன்கூட்டியே கதையைக் கேட்கத்தான். நாங்கள் சி.டி.யைப் போட்டுப் பார்த்து, இன்றைக்குத் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்று அவருக்குச் சொல்ல வேண்டும். சில எபிசோடு தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே தொடரும் போட்டு முடிந்துவிடும். அது தெரியாமல் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் பட்ட பாடு அவர் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் தெரியும்.

எதற்குப் பயந்துகொண்டு பார்க்க வேண்டும், சேனலை மாற்றிவிடுங்களேன் என்று பஷீர் கேட்டான். மாற்றினாலும் பக்கத்து வீட்டில் சத்தம் கேட்குமாம். "நிக்குதுன்னா சொல்லு, பாக்கறேன். நிக்கலன்னா இப்பவே சொல்லிடு, நான் நூல் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு திண்டிவனம் பஸ் ஏறிடறேன்."

என் வீட்டு ரசிகை

என் மனைவி வசந்தாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அலை வந்த அன்று எங்கள் தெருவில் அவள் மார்பளவுத் தண்ணீரில், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றவள். நான் அப்போது ஊரின் மறுகோடியில் இருந்தேன். அதற்குப் பிறகு குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால்கூட மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். கிளியனூரில் அவள் அம்மா வீடு. அங்கே கடலும் இல்லை, கடல் காற்றும் இல்லை. போய்விடலாம் என்று தினமும் கேட்பாள். ஏணியும் ஒயரும் இங்கே இருக்கும்போது நான் எங்கே போவது? அவள் பிள்ளையோடு கிளம்பிவிட்டால் என் குடும்பம் இரண்டாகிவிடும் என்ற பயம் எனக்கு.

அவளைப் பிடித்து வைத்தது அந்த சீரியல்தான். முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். கதவு மூடும்போது ஒரு பெருமூச்சு விடுவாள், பிறகுதான் உலை வைப்பாள். இதெல்லாம் டூப்பு என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "டூப்புன்னு எனக்கும் தெரியும். ஆனா தெனம் ஒரு வாட்டியாச்சும் தண்ணி நிக்கறத நான் பாக்கணுங்க. அது இல்லன்னா எனக்கு கிளியனூர்தான்."

மைக் கட்டிய ஜீப்

ஒரு மதியம் போலீஸ் ஜீப் ஒன்று மைக் கட்டிக்கொண்டு ஈ.சி.ஆர். ரோட்டில் போனது. எங்கேயோ நிலம் நடுங்கியிருக்கிறது, கடல் ஏறலாம், எல்லாரும் மேட்டுக்குப் போங்கள் என்றார்கள். கண்ட்ரோல் ரூம் ஜன்னலில் இருந்து நாங்கள் கேட்டோம். ஜீப் பெரிய ரோட்டோடு போய்விட்டது, உள்தெருவுக்கு வரவில்லை. எங்கள் சேனலில் அப்போது எட்டுக் கல் ஓடிக்கொண்டிருந்தது. பஷீர் உடனே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 'கடல் தண்ணீர் ஊருக்குள் வரலாம், உடனே மேட்டுக்குப் போகவும்' என்று அடித்துத் திரைக்கு அடியில் ஓட விட்டான். நல்ல வேளை, ஊரே நம் சேனலில்தான் இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

மாடியில் நின்று பார்த்தோம். குப்பத்து ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு ஓடி வந்தார்கள். அவர்கள் கண் எப்போதும் கடல் மேலேயே இருந்தது. டீக்கடைக்காரர்கள் வந்தார்கள். கிழக்குத் தெருக்களில் இருந்து மட்டும் ஓர் ஆள் வரவில்லை. வசந்தாவைக் காணவில்லை, மகளைக் காணவில்லை. செல்லில் யாரையும் பிடிக்க முடியவில்லை. நான் வண்டிச் சாவியை எடுத்தபோது பஷீர் தலையில் அடித்துக்கொண்டான். "எவ்ளோ பெரிய எழுத்துல போட்டிருக்கேன், படிக்கத் தெரிஞ்சவங்கள்லாம் எங்கடா போனாங்க?"

நாலு கல்

அவர்கள் எங்கேயும் போகவில்லை. தெருவுக்குள் வண்டியைத் திருப்பியபோது வீட்டுக்கு வீடு அந்த சீரியலின் சத்தம்தான். எங்கள் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். டி.வி.யில் அந்தப் பெண்ணுக்கு இடுப்பளவுத் தண்ணீர். அடியில் பஷீரின் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர்கள் ஒரே குரலில் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். கடல், தண்ணீர், மேடு என்று தினமும் அதே இடத்தில் விடுகதை ஓடுகிறது. இதையும் அன்றைய விடுகதை என்றே நினைத்துவிட்டார்கள்.

வசந்தா தரையில் கோலமாவால் எட்டு வட்டம் போட்டு வைத்திருந்தாள். மகள் அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கதவில் நின்று கத்தியதற்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கையை மட்டும் காட்டி என்னை அடக்கினாள். "சும்மா இருங்க, மேட்டுக்குன்னா மேல் வரிசைக் கல்லு, நாலு கண்டுபுடிச்சிட்டோம்."

கம்பத்தடியில்

டி.வி. ஒயரைப் பிடுங்கினேன். எல்லாரும் என்மேல் பாய்ந்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்து வெளியே ஓடினார்கள்.  வசந்தா தூங்குகிற மகளை வாரி எடுத்து வண்டியில் ஏறிவிட்டாள்.  தெருமுனைக் கம்பத்துக்கு வந்தபோது நான் பிரேக் போட்டேன். கிழக்குத் தெருக்கள் அத்தனைக்கும் அங்கே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் இருந்துதான் லைன் போகிறது. போங்க போங்க என்று வசந்தா என் முதுகில் குத்தினாள். ஒவ்வொரு கதவாகத் தட்ட நேரமில்லை. கூவினால் டி.வி. சத்தத்தில் கேட்காது. என்ன சொன்னாலும் எழுந்திருக்காத வீட்டை எழுப்ப ஒரே வழிதான் உண்டு, அது உங்களுக்கும் தெரியும். வண்டி சீட்டில் ஏறி நின்று பெட்டிக்குப் போகிற கரண்ட் ஒயரைப் பிடுங்கினேன்.

தண்ணீர் வந்திருந்தால்கூட அத்தனை வேகமாக வந்திருக்காது. கதவெல்லாம் திறந்தது. இடுப்பில் பிள்ளையும் வாயில் வசவுமாகத் தெருவே என்னை நோக்கி வந்தது. கடல் ஏறுதுய்யா, மேட்டுக்கு ஓடுங்க என்று கத்தினேன். என்னை அடிக்க ஓங்கிய கைகளோடு அப்படியே ஓடினார்கள். பொழுது சாயும்வரை திண்டிவனம் ரோட்டில் எல்லாரும் கிழக்கே பார்த்து நின்றோம்.  அலை வரவில்லை. ஆபத்து இல்லை என்று ஜீப் திரும்பி வந்து சொன்ன பிறகும் யாரும் முதலில் இறங்கத் தயாராக இல்லை. ஏகாம்பரம் என் தோளில் கை போட்டார். "உன்ன ஒதைக்கத்தாம்பா வெளிய வந்தேன். இத அந்த சீரியல்ல காட்டியிருந்தா, நடக்காத கதைன்னு நானே உங்கிட்ட சண்டைக்கு வந்திருப்பேன்."

மழைநாள்

அன்றோடு எட்டுக் கல்லை நிறுத்திவிட்டோம். கடைசி வரிசை என்ன என்று எங்கள் ஊருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தெரு ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது. கொஞ்ச நாள் கழித்து ஒரு மழையில் முருங்கைக் கிளை முறிந்து லைன் அறுந்தது. நான் ஏணியோடு போனால், கிழக்குத் தெரு மொத்தமும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் நனைந்தபடி மேட்டை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது. கோதண்டம் டெய்லர் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். யாரையும் நிறுத்த முடியவில்லை.

வசந்தா மேட்டில் நின்றிருந்தாள். ஒரு கையில் மகள், ஒரு கையில் துணிப்பை, பல் கிட்டித்துப் போயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. போதும், நாளைக்கே உன்னைக் கிளியனூர் பஸ் ஏற்றிவிடுகிறேன், நான் வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்றேன். இத்தனை நாள் கேட்டவள், இப்போது தலையை ஆட்டி மறுத்தாள். "அங்க வேற கேபிளுங்க. இங்க லைன் போச்சின்னா நீங்க இன்னும் அந்தக் கம்பத்துல நிக்கறீங்கன்னு அர்த்தம். கிளியனூர்ல இருந்தா அது எனக்கு எப்படித் தெரியும்?"

லைன் போனால் எல்லா ஊரிலும் ஜனங்கள் கேபிள்காரனைத் தேடி வருவார்கள். எங்கள் ஊரில் அவனைத் தாண்டி ஓடுவார்கள், அவன் பெண்டாட்டி மட்டும் அவன் வந்து சேரும்வரை மேட்டில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.