பித்தளை ஏட்டு

எங்க வீட்டுக்காரரு செந்தூர்பாண்டியைத் தூத்துக்குடி போலீஸ் லைன்ல 'பித்தளை ஏட்டு'ன்னுதான் சொல்லுவானுவ. நேருக்கு நேர் சொல்ல எவனுக்குத் தைரியம்? முதுகுக்குப் பின்னால சொல்லுவானுவ. சட்டையில பித்தளைப் பொத்தான் மங்கியிருக்கு, பெல்ட்டுல பச்சை பூத்திருக்குன்னு குத்தம் எழுதி, துப்பாக்கியைப் பிடுங்கி வச்சிட்டு, மைதானத்துல புல் பிடுங்க விட்டுருவாரு. அவரை இன்னைக்கும் எவனாவது கொடுமைக்காரன்னு சொன்னா எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியுது. சண்முகத்தாய்க்கு வாய் நீளம்னு சொல்லுதவன் சொல்லிட்டுப் போறான். நான் பேசத்தான் செய்வேன்.

முதல்ல கான்ஸ்டபிள் பேச்சிமுத்துவைப் பத்திச் சொல்லணும். யுத்தம் தொடங்கின வருஷம். லைன்ல இருக்க துப்பாக்கி அறைக்கு எங்க வீட்டுக்காரருதான் பொறுப்பு. காவலுக்குப் போறவனுக்கு எடுத்துக் கொடுக்கணும், வந்தவன்கிட்ட வாங்கி வைக்கணும். ஒருநாள் காலையில பேச்சிமுத்து வந்து, ஏட்டையா, இன்னைக்கு எனக்குத் துப்பாக்கி வேண்டாம், என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுன்னு சொல்லியிருக்கான். இவரு டாக்டர்கிட்ட அனுப்பினாரு. அந்த மகானுபாவன் நாக்கை நீட்டச் சொன்னான், காய்ச்சல் இருக்கான்னு பாத்தான். காய்ச்சல் இல்லை, வேலைக்குப் போகலாம்னு எழுதிட்டான். அப்போ இருந்த இன்ஸ்பெக்டரு, வேலைக்குக் கள்ளம் பண்ணுதியாலேன்னு அம்மையையும் அக்காளையும் இழுத்து வஞ்சாரு. உத்தரவுன்னா உத்தரவு. துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தது இவருதான். கஜானா வாசல்ல காவல் நின்னவன் மத்தியானம் குழலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து அழுத்திட்டான்.

துடைக்கையில கைதவறி வெடிச்சிட்டுன்னு அவன் அம்மைக்குத் தந்தி கொடுத்தானுவ. காய்ச்சல் இல்லையாமே, காய்ச்சல்! கட்டையில போவானுவ.

அதுக்குப் பொறவுதான் இவரு பொத்தானைப் பிடிச்சாரு. போலீசுல ஒருத்தன் மனசு சரியில்லைன்னு சொன்னா, ஒண்ணு அவன் சோம்பேறி, இல்லைன்னா கிறுக்கன். கிறுக்கன்னா வீட்டுக்கு அனுப்பிருவானுவ, பென்ஷன் மண்ணாங்கட்டி ஒண்ணும் கிடையாது. ஆனா குத்தம் செஞ்சவனுக்குத் தண்டனை உண்டு. தண்டனை முடியுந்தட்டியும் துப்பாக்கி கிடையாது, காவல் கிடையாது. இந்த ஊரு உப்புக்காத்துல பித்தளை எங்க பளபளன்னு நிக்குது? காலையில தேச்சது சாயங்காலம் பூத்துரும். யாரு பொத்தான்லயும் குத்தம் சொல்லலாம். அதனால எவன் முகம் சரியில்லையோ, அவன் பொத்தான் சரியில்லைன்னு எழுதிப் போடுவாரு.

வெயில்ல புல்லும் நெருஞ்சியும் பிடுங்குதவன் பக்கத்துல இவரும் குத்தவச்சுப் பிடுங்குவாரு. ஆபீசர் தலை தெரிஞ்சா, ஏலே மூதி, வேரோட பிடுங்குலேன்னு லைன் பூரா கேக்க வைவாரு. அந்த ஆளு அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தி, தூங்கினியாலேன்னு கேப்பாரு. பெரிய புத்திமதி எல்லாம் இவருக்கு வராது. சாப்பிட்டியா, தூங்கினியா, வீட்டுக்குக் கடுதாசி போட்டியா, அவ்வளவுதான். கேட்டுட்டுப் புல்லைப் பிடுங்குவாரு. கொஞ்ச நாள் போனா அவனாவே பேசத் தொடங்குவான். நான் கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுபோய் வச்சிட்டு வருவேன். என்னை வாய் நிறைய மதினின்னு கூப்பிடுவானுவ, அதே வாயால அவரைப் பித்தளைன்னும் சொல்லுவானுவ. அவரு சிரிச்சுக்கிடுவாரு. எனக்குச் சிரிப்பு வராது.

நாப்பத்திரெண்டு கலகத்துல காசிலிங்கம் வந்து மாட்டினான். ஏரல் பக்கத்துப் பனங்காட்டு ஆளு, லைன்ல கான்ஸ்டபிள். வெள்ளையனே வெளியேறுன்னு சந்தையில கூட்டம் கூடியிருக்கு, தடியடிக்கு உத்தரவு. இவன் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிருக்கான். விழுந்து கிடந்தவரைத் திருப்பிப் பாத்தா, அவனுக்குப் பெண் கொடுக்கதாப் பேசியிருந்த சொந்த மாமன். மாமனுக்கு ஒரு கண்ணு போயிட்டு. லைனுக்குத் திரும்பினவன் சோத்தைத் தொடலை. புளியும் சாம்பலும் வச்சுப் பொத்தானையும் பெல்ட்டையும் தேய்க்கான், தேய்க்கான், தேச்சுக்கிட்டே இருக்கான். நகக்கண்ணெல்லாம் புண்ணு.

இந்த இடத்துலதான் எங்க வீட்டு மகராசன் புத்தி மழுங்கிப் போச்சு. பழக்கதோஷம். அவனுக்கும் பொத்தான் மங்கல்னே எழுதினாரு. நாளெல்லாம் பொத்தான் தேய்க்கதே நோவா இருக்கவனுக்கு வேற குத்தமா கிடைக்கலை? கேட்டா, அவசரத்துல எழுதிட்டேன் ஏளாங்காரு.

அந்த நேரம் பாத்துப் புது இன்ஸ்பெக்டரா சுந்தரராஜ் வந்தாரு. யுத்த காலம், துறைமுகக் காவலுக்கு ஆள் பத்தலை. புல் பிடுங்குதவனையும் அனுப்புன்னாரு. இவரு, காசிலிங்கம் தண்டனையில இருக்கான், துப்பாக்கி கொடுக்க மாட்டேன்னு நின்னாரு. என்ன குத்தம்னு பாக்க அந்த ஆளே மைதானத்துக்கு வந்துட்டாரு. காசிலிங்கம் பொத்தான் கண்ணைக் கூசுது.

விசாரணை வந்துட்டு. பொய்க்குத்தம் எழுதி ஆளுகளை வதைச்சாருன்னு புகார். நிரூபிச்சா ஏட்டுப் பட்டை போயிரும், சாதாரணக் கான்ஸ்டபிளா எங்கயாவது தூக்கி எறிஞ்சிருவானுவ. இவருகிட்டப் புல் பிடுங்கினவனெல்லாம் சாட்சி. விசாரணை முடியுந்தட்டியும் காசிலிங்கத்தைக் காவலுக்கு அனுப்ப வேண்டாம்னு இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு. அதைக் கேட்டு இந்த மனுசன் சந்தோஷப்படுதாரு! பயலுக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைச்சிட்டு ஏளான்னு என்கிட்டயே சொல்லுதாரு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

காசிலிங்கமும் அதுக்குள்ள ஒருவாய் ரெண்டுவாய் சாப்பிடத் தொடங்கியிருந்தான். விசாரணைக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து, உள்ளதை உள்ளபடி சொல்லப்போறேன்னு நின்னான். நல்லா சொல்லுப்பான்னேன் நான். எங்க வீட்டுக்காரரு என்னை ஒரு முறை முறைச்சிட்டு அவன்கிட்டத் திரும்பினாரு.

"உள்ளதைச் சொன்னா உன்னைக் கிறுக்கன்னு வீட்டுக்கு அனுப்புவான். இதுக்கு முன்னால எங்கிட்டப் பேசினவனையெல்லாம் தோண்டி எடுத்து அனுப்புவான். நாளைக்கு இன்னொருத்தனுக்குக் கை நடுங்கினா எவன்கிட்ட வந்து சொல்லுவான்? நான் கொடுமைக்காரன்னு சொல்லுலே. அவனுவளுக்கு அதுதான் புரியும்."

"அப்போ நம்ம கதி?"ன்னு நான் கேட்டேன்.

"பட்டை இல்லாம எத்தனையோ பேரு சோறு திங்கான் ஏளா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சட்டியைத் தூக்கி முற்றத்துல எறிஞ்சேன்.

மறுநாள் விசாரணை அறை ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில போய் நின்னேன். போகச் சொன்னானுவ, போகலை. ஒவ்வொருத்தனா வந்து, ஆமா கொடுமைக்காரர்தான், வெயில்ல வதைச்சாருன்னு தரையைப் பாத்துச் சொல்லிட்டுப் போனான். எங்க வீட்டுக்காரரு சுவரைப் பாத்து விறைப்பா நின்னாரு. இவரு சொல்லிக் கொடுத்துத்தான் சொல்லுதானுவன்னு தெரியும். தெரிஞ்சும் ஒவ்வொருத்தனையும் நாசமாப் போன்னு மனசுக்குள்ள வஞ்சேன். கடைசியா காசிலிங்கத்தைக் கூப்பிட்டாவ.

இந்த ஏட்டு உன்னைக் கொடுமைப்படுத்தினாரான்னு கேட்டாரு சுந்தரராஜ். ஆமான்னான். என்ன செஞ்சாருன்னு கேட்டாரு. அடிச்சாரா? பட்டினி போட்டாரா? அப்போதான் காசிலிங்கம் தலையைத் தூக்கி ஜன்னல் வழியா என்னைப் பாத்தான். அன்னைக்குக் காலையிலயும் என் கையால கஞ்சி குடிச்சிட்டுப் போனவன். அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதுட்டான்.

இன்ஸ்பெக்டரு எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினாரு. நல்ல மனுசன்தான் போல, குரல்ல அவ்வளவு இரக்கம்.

"பயப்படாதே. இனிமே அந்த ஆள் உன் பக்கத்துலயே வரமாட்டான்."

அதைக் கேட்டு காசிலிங்கம் முகத்தைப் பொத்திக்கிட்டு இன்னும் சத்தமா அழுதான். சாட்சி பயத்துல அழுதான்னு எழுதிக்கோன்னு இன்ஸ்பெக்டரு பக்கத்துல இருந்த எழுத்தர்கிட்டச் சொன்னாரு.