ராதோய்காவின் மஞ்சள் விளக்கு

இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ராதோய்காவும் நானும் ஒரே சுகாதார நிலையத்தில் பதினாறு வருடமாக நர்ஸ்கள். மலைக் கிராமங்களில் நடமாட முடியாமல் கிடப்பவர்களுக்குக் கட்டுப் போடுவது அவள் வேலை. சொந்தக் காரில்தான் போவாள். ஆயில் மாற்றுவதும் அவளேதான். வீட்டு ஷெட்டின் தரையில் ஒரு குழி உண்டு. அதில் இறங்கி, பழைய ஆயிலை வடித்துவிட்டு, புது ஃபில்டர் போட்டு, அதன் தலையில் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுவாள். அப்படி எழுதாதவனை எங்கள் பக்கத்தில் யாரும் மெக்கானிக்காக மதிப்பதில்லை. எங்கள் நிலையத்துக்காரர்களின் பாதி வண்டிகள் அந்தக் குழியைப் பார்த்தவைதான்.

போன இலையுதிர் காலத்தில் அவள் தங்கை ஆஸ்திரியாவிலிருந்து ஒரு பழைய கார் கொண்டுவந்து கொடுத்தாள். ராதோய்கா அதற்கு ஆயில் மாற்றினாள். மாற்றிய பிறகும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஸ்பானர் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

நிலையத்து வேலையாக மலை ஏறும் வண்டி சொந்தக் காரானாலும் பொறுப்பாளர் வுகாஷின் கையெழுத்துப் போட வேண்டும். அவர் விடுவாரா?

"என்னம்மா இது, சர்வீஸ் விளக்கு எரியுது?"

"ஆயில் மாத்தி நாலு நாளாச்சு, தலைவரே. திறந்து பாருங்க."

"நான் எதுக்குத் திறக்கணும்? மாத்தலைன்னு வண்டியே சொல்லுது. ஒர்க்‌ஷாப்ல காட்டி, சர்வீஸ் புத்தகத்துல முத்திரை வாங்கிட்டு வா. அதுவரைக்கும் இது மலை ஏறக் கூடாது."

பானெட்டைத் திறந்து ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? பார்க்கவில்லை அந்த மனுஷன்! ஒர்க்‌ஷாப்பிலோ பத்து நாள் கழித்துத்தான் இடம் என்றார்கள். மலையில் தொப்ரிவோயே காத்திருந்தார். சர்க்கரை நோயாளி, இடது காலில் ஆறாத புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ராதோய்கா பஸ் பிடித்தாள். பஸ் நின்ற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் மேட்டில் நடந்தாள். பையில் பஞ்சு, மருந்தோடு காரின் கையேடும் இருந்தது. அது முழுக்க ஜெர்மன். தொப்ரிவோயே ஆஸ்திரியாவில், கிராட்ஸ் நகரத்தில் இருபது வருடம் ஃபேக்டரி வேலை பார்த்தவர். அவள் கட்டை அவிழ்க்க, அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"அட சிஸ்டர்! இந்த விளக்குக்கு ஆயிலும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. சும்மா கிலோமீட்டரை எண்ணிட்டு இருக்கும். ஆயில் மாத்தினவங்கதான் அதைத் திரும்பப் பூஜ்யமாக்கணும்."

"எப்படி?"

"மீட்டர் பக்கத்துல இருக்கிற பொத்தானை அழுத்திப் பிடி. பிடிச்சபடியே சாவியைத் திருப்பு. ஸ்பானர் மினுக்கி மினுக்கி அணையுற வரைக்கும் கையை எடுக்காதே."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். இதுக்கா என் காலைப் பணயம் வெச்சான் அந்த ஆள்?"

மறுநாள் காலை நிலையத்து முற்றத்தில் எங்கள் எல்லோர் முன்னாலும் செய்து காட்டினாள். பத்து விநாடி. விளக்கு அணைந்தது. வுகாஷின் காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா, ஒர்க்‌ஷாப்புக்குப் போனதும் சரியாயிடுச்சு," என்று வண்டி மலை ஏறலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டார். அப்போதும் பானெட்டைத் திறக்கவில்லை!

"நான் எங்கேயும் போகலை. பொத்தானை அழுத்தினேன். உள்ளே அன்னைக்கு இருந்த அதே ஆயில்தான்," என்றாள் ராதோய்கா. "உங்க வண்டியைக் கொஞ்சம் திறங்க, தலைவரே."

"என்னோடதுக்கு என்ன? போன வாரம்தான் சர்வீஸ். புத்தகத்துல முத்திரை இருக்கு," என்று பெருமையாகத் திறந்தார்.

அவள் குச்சியை உருவினாள். ஆயில் தார் மாதிரி இருந்தது. ஃபில்டரின் தலையில் படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தாள். மார்க்கர் எழுத்து தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. எழுத்து ராதோய்காவுடையது. பொறுப்பாளர் ஆவதற்கு முன்னால் அவரும் அந்தக் குழிக்கு வந்தவர்தான்.

எங்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எங்கள் இருவரைத் தவிர முற்றம் காலியாகும்வரை நின்றிருந்த வுகாஷின், கார் கதவருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை உன் குழி காலியா இருக்குமா, ராதோய்கா?"

அவள் மருந்துப் பையைப் பின்சீட்டில் வைத்தாள்.

"முத்திரை வாங்கிட்டு வாங்க, தலைவரே," என்று சொல்லிவிட்டு, தொப்ரிவோயே வீட்டை நோக்கி வண்டியை எடுத்தாள்.